வாத்துக்கு ஒதுங்கிய அக்கா

அந்த அக்காவின் சைக்கிளில் மணி கிடையாது. மணி இருந்த இடத்தில் துருப்பிடித்த வளையம் மட்டும் ஹேண்டில்பாரைச் சுற்றிக்கொண்டிருக்கும். சமயநல்லூரில் காற்று அடிக்கப் போன ஒருநாள் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "யக்கா, மணி எங்கயோ விழுந்துருச்சு போல. ஒண்ணு மாட்டித் தாரேன்" என்றார்.

"விழுகல தம்பி. நான்தான் கழட்டுனேன்."

"எதுக்கு?"

"இருந்தா அடிக்கத் தோணும்ல."

பக்கத்தில் நின்ற நான் அவர் சைக்கிளையும் என் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தேன். என் சைக்கிளில் இரண்டு மணி உண்டு. ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று நானே கேட்டு மாட்டிக்கொண்டவை. மணியே இல்லாமல் ஒரு பொம்பளை இருபது கிலோமீட்டர் போய் வருகிறாள் என்றால் அவளுக்கு ஒன்று தைரியம் அதிகம், இல்லை புத்தி கொஞ்சம் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் இல்லை என்று தெரிய நாளாயிற்று.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சங்கடப்படுவார். அவரைப் பார்த்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் சங்கடப்படுவார் என்று தோன்றுகிறது.

நான் வீட்டில் இருந்தபடி ஜாக்கெட் தைக்கிறவள். ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோயிற்று. பயப்படுவதற்குப் படிப்பு தேவைப்படவில்லை, அது தானாக வந்தது. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வண்டியை எடுத்ததிலிருந்து திரும்பி வரும்வரை நாலுவழிச் சாலையில் கேட்கிற ஒவ்வொரு ஹாரனும் எனக்கு அவருடைய வண்டிதான். இதை எழுத உட்கார்ந்த பிறகே அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்த்தாயிற்று.

அக்காவை நான் முதலில் பார்த்தது மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில். ரத்தம் எடுக்கிற வேலை அவருக்கு. வெறும் வயிற்றோடு முப்பது பேர் வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கட்டைவிரலால் முழங்கை மடிப்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஊசி மட்டும் வரவில்லை.

"குத்திட்டீங்களாக்கா?"

"இன்னும் இல்லம்மா."

"எப்பக் குத்துவீங்க?"

"நீ மூச்சு விடு. நரம்பு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. நீ பயந்தா அதுவும் பயந்து உள்ள போயிரும். வரட்டும்."

பின்னால் நின்ற ஒரு பெரியவர் தலையை நீட்டினார். "என்னம்மா, ஒரு கைக்கு இம்புட்டு நேரமா? டீத்தண்ணி குடிக்காம நிக்கிறோம்ல நாங்கள்லாம்!"

"ஆமாண்ணே, நிக்கிறீங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான். பெரியவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது குழாயில் பாதி நிரம்பியிருந்தது. குத்தியது எப்போது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சர்க்கரை என்று வந்தது. தினமும் நடக்க வேண்டும், இல்லை சைக்கிள் மிதிக்க வேண்டும் என்றார் டாக்டர். ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அக்கா வேலை முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பினவர் என்னைப் பார்த்து நின்றார். பேசப் பேச அவரும் சமயநல்லூர், எங்கள் தெருவிலிருந்து இரண்டாவது தெரு என்று தெரிந்தது.

"ரோட்டுல கால் வைக்கவே எனக்கு நடுங்கும்க்கா. இதுல சைக்கிளா?"

"ரோடு எதுக்கு? சைக்கிள் இருக்கா வீட்டுல?"

இருந்தது. என் மகள் பதினொன்றாவது படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். அவள் காலேஜுக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் துணிமூட்டையைச் சார்த்தி வைக்கிற சாமானாக ஆகிவிட்டது. நானும் பதினொன்றாவது வரை போயிருந்தால் எனக்கே ஒன்று கிடைத்திருக்கும்.

"ஞாயித்துக்கெழமை முதல் பூசை முடிச்சிட்டு வாரேன். தயாரா இரு" என்றார்.

சொன்னபடி வந்தார். மாதா கோயிலில் தலைக்குப் போட்ட வெள்ளை முக்காட்டை மடித்து முன்கூடையில் வைத்திருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சாலையைக் கடந்து, இரண்டு தெரு தாண்டி, ஒரு தென்னந்தோப்பைச் சுற்றினால் வைகைக் கரை. அங்கிருந்து தேனூர், திருவேடகம் வழியாகச் சோழவந்தான் வரை ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையுமாகப் பாதை போகிறது. கிராவல் மண் கொட்டி இறுக்கிய பாதை. பொதுப்பணித்துறை ஜீப் எப்போதாவது வரும். அதைத் தவிர வண்டி கிடையாது. ஒரு பக்கம் நாணலும் மணலுமாக ஆறு. மறுபக்கம் நெல், வாழை, மறுபடியும் நெல். தெற்கே நாகமலை நீட்டிப் படுத்திருக்கும். வடக்கே சிறுமலை நீலமாக நிற்கும். டயருக்கு அடியில் சின்னக் கல் பொரிபோல நொறுங்குகிற சத்தம் ஒன்றுதான் கேட்கும். முதல் நாள் ஒரு கிலோமீட்டர் போன பிறகுதான், ஹாரன் சத்தமே இல்லை என்பது எனக்கு உறைத்தது. நின்று காதைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா வேகமாகத்தான் மிதிப்பார். ஆனால் எதிரிலோ முன்னாலோ எது வந்தாலும் இறங்கி ஓரத்தில் நின்றுவிடுவார். புல்லுக்கட்டு சுமந்த பெண்கள், மாடு பிடித்து வருகிறவர், மடை திறக்கப் போகிறவர், யாராயிருந்தாலும். அவர்கள் கடந்து முடித்த பிறகுதான் காலை பெடலில் வைப்பார். "அவங்க போகட்டும்" என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கிற பேச்சு.

ஒருதரம் திருவேடகத்துக்குப் பக்கத்தில் வாத்துக்கள் வந்தன. அறுப்பு முடிந்த வயலில் மேய்ப்பதற்காக ஒருவர் ஓட்டி வந்த வாத்துக்கள். ஆயிரம் இருக்கும். கரையை அடைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறையாக வந்தன. அக்கா இறங்கிவிட்டார். நானும் இறங்கினேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று.

"அக்கா, பால்காரர் வந்துருவாரு."

"வரட்டும்."

"சாவி என்கிட்டதான் இருக்கு. எங்க வீட்டுக்காரரு குளிச்சிட்டு வந்து சாவியத் தேடுவாரு."

"வீட்டுக்குள்ளதான குளிக்கிறாரு? உள்ள இருக்கவருக்கு எதுக்குச் சாவி?"

அதுவும் சரிதான். ஆனாலும் பயம் என்பது சரியாகச் சொன்னதும் போய்விடுகிற சாமானா? ஒரு மணியை லேசாக அடித்தேன். வாத்துக் கூட்டம் அப்படியே சிதறி, பாதி வாய்க்காலிலும் பாதி நாற்றங்காலிலும் இறங்கிவிட்டது. ஓட்டி வந்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏத்தா, உனக்கு என்ன, கொள்ளையா போகுது? நாத்துக்காரன் என்னையில்ல வெட்டுவான்!"

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்றங்கால் வரப்பில் இறங்கி, "பா, பா" என்று வாத்துக்களை ஒதுக்க ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். முக்கால் மணி நேரம். கடைசி வாத்து கரையேறியதும் அந்த ஆள் சிரித்துவிட்டார். "மனுசனுக்கே ஒதுங்காத ஊருல வாத்துக்கு ஒதுங்குற ஆளை இப்பத்தான்க்கா பாக்குறேன். இவுகளையும் கொஞ்சம் பழக்கி விடுங்க" என்று என்னைக் காட்டினார்.

அன்று தொட்டு அந்தக் கரையில் அவருக்கு அதுதான் பெயர். "வாத்துக்கு ஒதுங்குற அம்மா வருது" என்று வயலுக்குள்ளிருந்து குரல் வரும். அக்காவும் கையைத் தூக்குவார்.

ஆனால் எல்லா நேரமும் எனக்கு அது பிடித்ததென்று சொல்ல முடியாது. ரேஷன் கடையில் ஒருத்தி நடுவில் நுழைந்தால் அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்து இடம் விடுவார். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பெண்ணை அவருக்கு மேலே போட்டார்கள். காரணம் கேட்டால், இவருக்குக் கை மெதுவாம். நான்தான் கொதித்தேன். "எல்லாரும் உங்க தலையில மொளகா அரைக்கிறாங்க. நீங்களும் குனிஞ்சு குடுக்குறீங்க" என்றேன்.

"அந்தப் புள்ள வேகமா எடுக்குது. பாதிப் பேருக்கு ரெண்டு தடவ குத்துது. அது தெரியுறப்பத் தெரியும்" என்றார்.

"தெரியலன்னா?"

அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பொறுமை என்கிறார்களே, அது பாதி நேரம் சோம்பல்தானோ என்றுகூட நினைத்தேன்.

மணியை ஏன் கழற்றினார் என்பதையும் ஒருநாள் கேட்டுவிட்டேன். புல்லுக்கட்டுக்காரப் பெண் ஒருத்திக்குப் பின்னால் அரை கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தோம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

"தலைச்சுமையோட போறவங்க மணிச் சத்தம் கேட்டா சட்டுனு திரும்புவாங்க. கழுத்து திரும்பிரும், சுமை திரும்பாது" என்றார்.

"அப்படி யாரையும் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். அன்னைக்கு மணி அடிச்சது நான்தான்."

முன்னால் போன பெண், பேச்சுச் சத்தம் கேட்டு, தானாகவே வரப்பில் ஒதுங்கி வழிவிட்டாள்.

ஏழெட்டு மாதத்தில் என் சர்க்கரை இறங்கியது. பயம் இறங்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் மட்டும் அது கரைக்கு வெளியே நின்றது. அதுவே எனக்கு எம்புட்டோ பெரிசு. அந்தச் சமயத்தில்தான் அக்கா, வேலையை விட்டுவிட்டு ஓசூரில் இருக்கிற மகளோடு போய்விடப் போவதாகச் சொன்னார். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"இன்னும் நாலு ஞாயித்துக்கெழமை இருக்கு" என்றார். "கடைசி ஞாயிறு பேரணை வரைக்கும் போயிட்டு வந்துருவோமா? ஆத்துத் தண்ணி வாய்க்காலாப் பிரியுற எடத்தை நான் பாத்ததே இல்ல. இத்தன வருசமா இந்தத் தண்ணிக்கு ஓரமாவே ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

எனக்குத் தெரிந்து அவர் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் அது. சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் நான் போனதே கிடையாது. பஞ்சர் ஆனால், மழை வந்தால், மயக்கம் வந்தால் என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, யோசி" என்றார். கடைசியில் நான் சரி என்றேன்.

அந்த நாலில் முதல் ஞாயிறே நான் காரியத்தைக் கெடுத்தேன்.

சோழவந்தான் வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு மதுரையிலிருந்து பதினைந்து இளவட்டங்கள் தலைக்கவசமும் இறுக்கிப் பிடித்த சட்டையுமாக, தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் சர்ரென்று எங்களைக் கடந்து போயிருந்தார்கள். அந்த மாதிரி சைக்கிளுக்கு கிராவல் சைக்கிள் என்று பேராம். அக்கா ஓர் ஆட்டு மந்தைக்காகப் பின்னால் நின்றுவிட்டார். நான் முன்னால் வந்துவிட்டேன். அப்போது என் போன் ஒருதரம் அடித்து நின்றது. மகள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. எனக்கு உடனே கேஸ் சிலிண்டர் கண்ணில் தெரிந்தது.

முன்னால் வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் வாய்க்கால். மறுபக்கம் வெற்றிலைக் கொடிக்கால். வரிசை வரிசையாக அகத்தி மரம், ஒவ்வொன்றையும் பற்றி ஏறுகிற கொடி, நடுவில் தண்ணீர் ஓடுகிற சால். நான் யோசிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொடிக்காலுக்குள் புகுந்துவிட்டேன். சாலின் கரை என் டயரில் உடைந்தது. ஹேண்டில்பாரில் சிக்கி மூன்று கொடிகள் அகத்தியிலிருந்து உரிந்து வந்தன. வண்டியைத் தாண்டி அந்தப் பக்கமாக வெளியே வந்தபோது போன் அடித்தது.

"அம்மா, சீனி டப்பாவ எங்க வச்ச?"

அந்தக் கோபத்தில் அவளைத் திட்டி முடித்துவிட்டுத்தான் கீழே பார்த்தேன். கொடிக்கால் ஓரத்தில் ஐந்தாறு ஜோடி செருப்பு வரிசையாகக் கழற்றி வைத்திருந்தது. கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு கால் வைக்க மாட்டார்கள். சாமி இருக்கிற இடம் மாதிரி அது. சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். என் செருப்பு என் காலில் இருந்தது, கொடிக்கால் சேறோடு.

வண்டிக்காரர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார், செருப்புக்காரர்கள் எங்கோ உள்ளே இருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. நான் செருப்பை வாய்க்காலில் கழுவிவிட்டு நின்றுகொண்டேன். அக்கா வந்ததும், "என்னம்மா, முகம் வேர்த்திருக்கு?" என்றார். "வெயில்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அந்த இடத்துக்குப் போனால், பாதையின் குறுக்கே கருவேல முள்ளை வெட்டி ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தது. சிமெண்டு சாக்கில் கரியால் 'சைக்கிள் வரக்கூடாது' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கம் கொடிக்கால்காரர் அரிவாளோடு நின்றார். ஐம்பது வயது இருக்கும்.

"பாத்தீகளாம்மா இந்த அநியாயத்த? அந்தத் தொப்பிப் பயலுக செருப்பு, சப்பாத்து எல்லாம் போட்டுக்கிட்டு உள்ள பூந்து கொடிய அத்துவிட்டுப் போயிருக்காய்ங்க. ஓடுறதுக்கு வேற எடமா இல்ல?" என்றவர், அக்காவை நன்றாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நீங்க வாத்துக்கு ஒதுங்குற அம்மாதான? உங்களுக்கு இல்ல இது. இருங்க, முள்ளை இழுத்து விடுறேன். நீங்க ரெண்டு பேரும் போங்க."

அக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த சால் கரையில், காய்ந்த சேற்றில், ஒல்லியான டயரின் தடம் ஒன்றும் அதன் பக்கத்தில் பொம்பளைச் செருப்பின் தடம் ஒன்றும் அச்சடித்த மாதிரி கிடந்தன. கோபத்தில் இருந்த அவர் அதைப் பார்க்கவே இல்லை. அக்கா பார்த்தார். நிமிர்ந்தார். என் காலைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"வேணாம்ணே" என்றார் அவரிடம். "அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத வழி எங்களுக்கு மட்டும் எதுக்கு? நீங்க எடுக்கிறப்ப எடுங்க. நாங்க திரும்பிப் போறோம்."

திரும்பும் வழியெல்லாம் அவர் கேட்பார், கேட்பார் என்று இருந்தேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்று வாயில் வைத்துக்கொண்டே வந்தேன். அவர் சிறுமலையில் மேகம் இறங்கியிருப்பதைப் பற்றிப் பேசினார்.

வீட்டுக்காரரிடம் பாதை அடைத்ததை மட்டும் சொன்னேன். "கரை கவர்மெண்டு இடம்ல? ஒரு மனு எழுதிப் போடுங்க, அள்ளிப் போட்டுருவான்" என்றார். அக்காவிடம் சொன்னபோது, "கோவத்துல போட்ட முள்ளு. மனுவுல எடுத்தா இன்னும் பெரிசாப் போடுவாரு. பொறுப்போம்" என்றார். மூன்றாவது ஞாயிறும் முள் வரைக்கும் போனோம். அக்கா இறங்கி ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். திரும்பினோம். பேரணை என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அந்த வாரம் நான் தைத்த நாலு ஜாக்கெட்டிலும் கையை மாற்றி வைத்துத் தைத்திருந்தேன். பிரித்துத் தைத்தேன்.

கடைசி ஞாயிறு. பூசை முடிந்து வந்த அக்கா கூடையில் முக்காட்டோடு சப்பாத்திப் பொட்டலம் ஒன்றும் வைத்திருந்தார். வழி அடைத்திருக்கிறது என்று தெரிந்தும் பேரணைக்குப் போகிறவர் மாதிரி சாப்பாடு கட்டி வந்திருந்தார்.

முள்ளிடம் போனதும் சைக்கிளை அவரிடம் கொடுத்தேன். "பிடிச்சுக்கங்கக்கா" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு, முள் ஓரமாக வாய்க்கால் சரிவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனேன். கொடிக்கால்காரர் உள்ளே வாழைநாரால் கொடி கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வரிசையில் அவர் மனைவி.

"அண்ணே."

"யாரு? அட, சைக்கிள் தங்கச்சியா? முள்ளை எடுத்து விடவா?"

"வேணாம்ணே. கொடிய அத்தது அந்தப் பசங்க இல்ல. நான்தான்."

அவர் கையில் நார் அப்படியே நின்றது.

"வண்டி ஒண்ணு மறிச்சுக்கிட்டுப் போச்சு. சைக்கிளத் தள்ளிக்கிட்டு உள்ள பூந்துட்டேன். செருப்போட."

"செருப்போடயா?"

"ஆமாண்ணே."

"தெரியாம வந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த வார்த்தை. "தெரியும்ணே. அந்நேரத்துக்கு ஞாபகம் வரல" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "மூணு வாரமா அந்தப் பயலுகள என்னென்ன சொல்லி வஞ்சிருக்கேன் தெரியுமா? பொறந்ததுலருந்து இழுத்து வஞ்சிருக்கேனே! இப்ப உன்னைய வையலாம்னா வாய் வரமாட்டேங்குது."

"உங்களுக்கு வராது. நான் வையிறேன்" என்று அடுத்த வரிசையிலிருந்து அவர் மனைவி வந்தார். "ஏண்டி, பாத்தா படிச்சவ மாதிரி இருக்க?"

"படிக்கலக்கா. ஒம்பதாவதுதான்."

"ஒம்பதாவது வரைக்கும் செருப்ப எங்க கழட்டணும்னு சொல்லித் தரலையாக்கும்? மூணு கொடிடி! பிள்ளை மாதிரி ஏத்திவிட்ட கொடி! மூணு வாரமா ஒளிச்சு வச்சுக்கிட்டுத் திரிஞ்சியே, சோறு எறங்குச்சா உனக்கு?"

"எறங்கலக்கா" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அந்தம்மா இன்னும் வைவதற்கு வைத்திருந்தது முகத்தில் தெரிந்தது. என் காலைப் பார்த்தார். வெறுங்காலில் முள் கீறி ரத்தம் வந்திருந்தது. "சரி, போ, போய் அந்தத் தண்ணியில காலைக் கழுவு" என்றார்.

முள்ளை எடுக்க நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அதைப் போட்ட அன்று கொடிக்கால்காரர் கையில் கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை. "அந்தப் பசங்க வந்தா நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன், எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அக்கா அதே இடத்தில் இரண்டு சைக்கிளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் செருப்பை எடுத்துத் தன் கூடையில் சப்பாத்திக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "போலாமா?" என்றார்.

போனோம். சோழவந்தானைத் தாண்டினால் ஆறு அகலமாகிறது. வாழையும் தென்னையும் குறைந்து, வேம்பும் புங்கையும் உசிலையுமாகக் காடு பாதையின் மேல் கவிகிறது. சிறுமலை கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு மயில் எங்களுக்கு முன்னாலேயே வெகுதூரம் நடந்து போயிற்று. நாங்கள் அதன் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனோம். எனக்கு அன்று அவசரம் இல்லை. பேரணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மதகில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஆறாகவும் ஒன்று வாய்க்காலாகவும் போவதை அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டோம். சப்பாத்தி சாப்பிட்டோம்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?" என்றேன்.

"தெரியும்."

"பின்ன ஏன்க்கா என்னையக் கேக்கல? ரெண்டு வாரம் செத்துப் பொழச்சேன்."

அக்கா கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே சொன்னார்: "கேட்டிருந்தா எங்கிட்டச் சொல்லிருப்ப. மனசு லேசாகிருக்கும். அவருகிட்டப் போய்ச் சொல்லிருக்க மாட்ட."

சப்பாத்தி கட்டி வந்த தாளை மடித்தேன்.

"நான் சொல்லாமயே இருந்திருந்தா? உங்களுக்குப் பேரணை கிடைச்சிருக்காதே?"

"கிடைச்சிருக்காது" என்றார். அதை அவர் யோசிக்காமல் இல்லை என்று அந்தக் குரலில் தெரிந்தது.

எழுந்து சைக்கிளை எடுத்தோம். அந்தப் பதினைந்து பேரும் அடுத்த ஞாயிறு முள் இல்லாததைக் கேள்விப்பட்டு எப்படியும் வருவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்களை நிறுத்தி, நடந்ததைச் சொல்ல வேண்டும். கொடிக்கால் ஓரத்தில் மெதுவாகப் போகச் சொல்ல வேண்டும். தலைக்கவசம் போட்டவர்களை எப்படிக் கூப்பிடுவது, தம்பி என்பதா, சார் என்பதா என்று யோசித்தபடியே, "அடுத்த வாரம் அந்தப் பசங்ககிட்டச் சொல்லணும்க்கா" என்றேன்.

"அடுத்த வாரம் நான் ஓசூர்ல இருப்பேனேம்மா."

"தெரியும்க்கா. நான் வாரேன்."

சொன்ன பிறகுதான், தனியாக வர வேண்டும் என்பது உறைத்தது. ஆனாலும் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.